சொட்டுநீர் கிட்டும் டைமரும்: மூன்று பருவம் ஓட்டிப் பார்த்த பிறகு எழுதுகிறேன்

வீட்டுத் தோட்டத்துக்கென்று பெட்டியில் போட்டு விற்கிற சொட்டுநீர் கிட் ஒன்றையும் அதோடு வந்த பேட்டரி டைமரையும் வெயில், மழை, பனி என்று மூன்று பருவத்திலும் ஓட்டிப் பார்த்துவிட்டேன். வாங்கிய மறுவாரமே எழுதியிருந்தால் ஐந்துக்கு ஐந்து கொடுத்திருப்பேன். இரண்டாம் மாதம் எழுதியிருந்தால் ஒன்றுகூடக் கொடுத்திருக்க மாட்டேன். இப்போது நான்கு. அந்த நான்கிலும் ஒன்று, பெட்டியில் வந்த டைமரைக் கழற்றிவிட்டு வேறு வகை போட்ட பிறகு கிடைத்தது. பிராண்டுப் பெயர் எழுதவில்லை, ஏனென்றால் இதே உருப்படிகள் பத்துப் பெயரில் பத்து அட்டைப்பெட்டியில் வருகின்றன. பெட்டிக்குள் என்ன இருக்கிறது, அது உங்கள் தண்ணீருக்கும் மண்ணுக்கும் ஒத்துவருமா என்பதைப் பார்த்தால் போதும்.

என் இடம் 6 மீட்டருக்கு 4 மீட்டர். ஒரு பக்கம் சுவர், சுவரை ஒட்டி ஒரு பாத்தி, நடுவில் நடைபாதை, அந்தப் பக்கம் ஒரு மேட்டுப்பாத்தி, வாசலை ஒட்டிப் பதினான்கு தொட்டிகள். இத்தனைக்கும் பூவாளியில் ஊற்றினால் காலையில் அரை மணி நேரம் போகும். அரை மணி நேரம் பிரச்சினை இல்லை, அவசரமாகக் கிளம்பும் நாளில் மேலாக நனைத்துவிட்டு ஓடுவதுதான் பிரச்சினை. மேல்மண் ஈரமாக இருக்கும், நான்கு விரல் கீழே பொடியாக இருக்கும்.

பெட்டியில் 16 மி.மீ. கருப்புக் குழாய் 20 மீட்டர், 4 மி.மீ. சன்னக் குழாய் 30 மீட்டர், தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விடும் சொட்டுவான் 40, கிளை பிரிக்க டீ, வளைவுக்கு எல்போ, முனையை அடைக்க எண்ட் கேப், துளை போடும் பஞ்ச், தப்பான இடத்தில் போட்ட துளையை அடைக்கும் குமிழ்கள், மண்ணில் குத்தும் கொக்கிகள், கைக்குள் அடங்கும் ஒரு ஃபில்டர், டைமர் எல்லாம் இருந்தன. குழாயின் தரம் நன்றாகவே இருக்கிறது. சன்னக் குழாயும் கருப்பாக இருந்தது எனக்குப் பெரிய திருப்தி, ஏனென்றால் வெளிச்சம் ஊடுருவுகிற வெள்ளைக் குழாயில் ஒரே மாதத்தில் உள்ளே பாசி பிடித்து அது உதிர்ந்து சொட்டுவானை அடைத்துவிடும். கொக்கிகள் மட்டும் மட்டம். இறுகிய மண்ணில் குத்தும்போதே ஏழு உடைந்தன. கட்டுக்கம்பியை வளைத்து நானே செய்து குத்திவிட்டேன், அவை இன்றுவரை அசையவில்லை.

மாட்டும் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன், ஏனென்றால் விளக்கத் தாளில் இரண்டு படம் போட்டு முடித்துவிட்டார்கள். சன்னக் குழாயை இணைப்பின் முள்மூக்கில் அப்படியே அழுத்தினால் நுழையாது, கட்டைவிரல்தான் கன்றிப்போகும். ஒரு டம்ளரில் கொதித்து இறக்கிய வெந்நீர் வைத்துக்கொண்டு, குழாயின் நுனியைப் பத்து எண்ணும் வரை முக்கி எடுங்கள். இளகிவிடும். முள் இரண்டு வளையம் உள்ளே போகிற வரை தள்ளிப் பிடித்திருந்தால் ஆறும்போது அதுவே இறுகப் பற்றிக்கொள்ளும், கிளிப் எதுவும் தேவையில்லை. பெரிய குழாயைச் சுருளாக இருப்பதிலிருந்து நேராக்க ஒரு மணி நேரம் வெயிலில் விரித்துப் போட்டால் போதும். அப்புறம், அதை நாண் மாதிரி இழுத்துக் கட்டாதீர்கள். 10 மீட்டர் குழாய் உச்சி வெயிலில் 30 டிகிரி கூடுதலாகச் சூடேறினால் ஏறத்தாழ 5 செ.மீ. நீளும், இரவில் அதே அளவு சுருங்கும். இழுத்துக் கட்டினால் அந்தச் சுருக்கம் இணைப்பைத்தான் பிடுங்கும். லேசாக நெளிந்து கிடக்கட்டும்.

இப்போது முக்கியமான விஷயம், அழுத்தம். பெட்டியில் 'மணிக்கு 4 லிட்டர்' என்று போட்டிருக்கும். அது பெரும்பாலும் 1 பார் அழுத்தத்தில் வருகிற கணக்கு. 1 பார் என்றால் கிட்டத்தட்ட 10 மீட்டர் உயரத் தண்ணீர். மேல்நிலைத் தொட்டியிலிருந்து தண்ணீர் வருகிறவர்களுக்கு அவ்வளவு எங்கே கிடைக்கும்? எங்கள் தொட்டிக்கும் தோட்டக் குழாய்க்கும் 4 மீட்டர்தான் வித்தியாசம், அதாவது 0.4 பார். இந்த அழுத்தத்தில் சாதாரண சொட்டுவான் மணிக்கு இரண்டரை லிட்டர் விட்டாலே அதிகம். அது குறை இல்லை, நேரத்தைக் கூட்டினால் சரியாகிவிடும். ஆனால் பெட்டியை நம்பி 15 நிமிடத்தில் ஒரு லிட்டர் விழுகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தால் செடிக்குப் பாதித் தண்ணீர்தான் போகும். அழுத்தம் எப்படி இருந்தாலும் ஒரே அளவு விடுகிற விலை கூடிய சொட்டுவான்களும் இருக்கின்றன. அவை வேலை செய்யவே பொதுவாக அரை பாருக்கு மேல் வேண்டும். தாழ்ந்த தொட்டி வைத்திருப்பவர்கள் அதில் காசு போடாதீர்கள்.

அதனால் மாட்டி முடித்ததும் அளந்து பாருங்கள். நான் முதல் சொட்டுவானுக்கு அடியிலும் கடைசிச் சொட்டுவானுக்கு அடியிலும் ஆளுக்கொரு கிண்ணம் வைத்து 15 நிமிடம் ஓடவிட்டேன். முதலில் 600 மி.லி., கடைசியில் 440. வித்தியாசம் எங்கிருந்து வந்தது என்று தேடியதில் தப்பு என்னுடையதுதான். சுவரோரப் பாத்தியில் பெரிய குழாயைச் சிக்கனம் பிடித்து, சன்னக் குழாயிலேயே ஒன்றன்பின் ஒன்றாகப் பத்துச் சொட்டுவான் கோத்திருந்தேன். அந்தச் சின்னக் குழாயிலும் ஒவ்வொரு இணைப்பின் குறுகலான வாயிலும் அழுத்தம் தேய்ந்துகொண்டே போகிறது. அதைப் பிரித்துவிட்டு, பெரிய குழாயைப் பாத்தி நெடுக ஓட்டி, அதிலிருந்து ஒவ்வொரு செடிக்கும் ஒரு மீட்டருக்கு மிகாமல் சன்னக் குழாய் எடுத்தேன். மறுபடி அளந்தால் 590, 570. இதற்காகப் பெரிய குழாய் இன்னும் 10 மீட்டர் தனியாக வாங்க வேண்டியிருந்தது. பெட்டியில் 20 மீட்டருக்குப் பதில் 30 கொடுத்து, சன்னக் குழாயைக் குறைத்திருக்கலாம் என்பது என் கருத்து.

டைமர் விஷயத்தில் எனக்குக் கோபம் உண்டு. கிட்டோடு வந்தது சோலனாய்டு வால்வு, அதாவது மின்காந்தத்தால் இயங்கும் வால்வு வைத்த டைமர். அந்த வகை வால்வு தண்ணீரின் அழுத்தத்தைத் துணைக்கு வைத்துக்கொண்டுதான் திறக்கும், மூடும். குறைந்தது அரை பார் வேண்டும் என்று விளக்கத் தாளின் பின்பக்கத்தில், மிகச் சிறிய எழுத்தில் போட்டிருந்தார்கள். பெட்டியின் முகப்பில் அது இல்லை. இரண்டாம் மாதம் ஒருநாள் ராத்திரி ஓடியது சரியாக மூடவில்லை. காலையில் போய்ப் பார்த்தால் சொட்டுவான் அத்தனையும் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது, தொட்டிகளின் அடித்தட்டு நிரம்பி வாசல்படி வரை ஈரம், மேல்நிலைத் தொட்டியில் அடியில் கொஞ்சம்தான் மிச்சம். விற்றவர்களிடம் கேட்டால் 'உங்கள் அழுத்தம் போதாது' என்றார்கள். அது உண்மைதான், ஆனால் வாங்குவதற்கு முன்னால் சொல்ல வேண்டிய உண்மை. மாற்றித் தரவும் இல்லை.

அப்புறம் பால் வால்வு (துளையுள்ள உருண்டை திரும்பித் திறக்கும் வால்வு) டைமர் வாங்கினேன். உள்ளே ஒரு சின்ன மோட்டார் வால்வைத் திருப்புகிறது. திறக்கும்போது சில நொடிகள் 'ர்ர்ர்' என்று சத்தம் கேட்கும். அழுத்தமே இல்லாவிட்டாலும் திறந்து மூடும். தொட்டித் தண்ணீருக்கு இதுதான் சரி, இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஒன்றை மட்டும் கேட்டு வாங்குங்கள்: பேட்டரி தீரப் போகும்போது தானாக மூடிக்கொள்ளுமா? அந்த வசதி இல்லாத டைமரில், வால்வு திறந்திருக்கும் நேரத்தில் பேட்டரி செத்தால் திறந்தபடியே நின்றுவிடும். என்னுடையதில் வசதி இருக்கிறது, ஆனாலும் பருவம் மாறும்போது பேட்டரியையும் மாற்றிவிடுகிறேன்.

இதையெல்லாம் மாட்டும்போது அம்மாவுக்கு நம்பிக்கையே வரவில்லை. 'இப்படிச் சொட்டுச் சொட்டா விட்டா வேர் வரைக்கும் போகுமாடா?' என்று கேட்டார். நியாயமான கேள்விதான். சிம்கா பிளாஸ் என்ற இஸ்ரேல் நீர்ப்பொறியாளருக்கு இந்த யோசனை வந்ததே, யாரும் தண்ணீர் ஊற்றாத ஒரு மரம் பக்கத்து மரங்களைவிடப் பெரிதாக வளர்ந்திருந்ததைப் பார்த்துத்தான் என்று சொல்வார்கள். அடியில் ஒரு குழாயின் இணைப்பு கசிந்துகொண்டிருந்தது. மேலே தெரிந்த ஈரம் கையகலம், மண்ணுக்குள்ளே வெங்காயம் மாதிரி விரிந்து போயிருந்தது. பிறகு 1965-இல் நெகேவ் பாலைவனத்தின் ஹட்செரிம் கிப்புட்ஸோடு (கூட்டுப்பண்ணைக் குடியிருப்பு) சேர்ந்து நெட்டாஃபிம் என்ற நிறுவனம் தொடங்கி, சொட்டுவான்கள் விற்பனைக்கு வந்தன. அம்மாவிடம் இதைச் சொன்னபோது கதையோடு விடவில்லை, 'நம்ம மண்ணைத் தோண்டிக் காட்டு' என்றார்.

தோண்டினோம். சுவரோரப் பாத்தியில் களிமண் கலந்த மண். ஒரு மணி நேரம் ஓடிய பிறகு களைக்கொத்தால் பக்கவாட்டில் வெட்டிப் பார்த்தால், மேலே ஒரு சாண் அகலம் கறுத்திருந்தது, உள்ளே போகப் போக இரண்டு சாண் வரை விரிந்து, ஆழம் ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூடுதல். மண்ணைப் பிடித்தால் உருண்டையாக நின்றது, பிசுபிசுக்கவில்லை. மேட்டுப்பாத்தியில் மணல் நிறையக் கலந்திருந்ததால் அங்கே ஈரம் அகலவே இல்லை, கயிறு மாதிரி நேராகக் கீழே இறங்கியிருந்தது. அதே சொட்டுவான், அதே நேரம். களிமண்ணில் சொட்டுவான்களை 40, 50 செ.மீ. தள்ளித் தள்ளி வைக்கலாம், மணலில் 25, 30 செ.மீ.க்கு ஒன்று வேண்டும் என்பதை அன்றைக்குக் கண்ணால் பார்த்துத்தான் புரிந்துகொண்டேன். நீங்களும் ஒரு இடத்தில் வெட்டிப் பாருங்கள், ஒரு செடி போனாலும் பரவாயில்லை.

தோட்டத்தை அமைக்கிற வேலை இதற்கு முன்னாலா பின்னாலா என்று கேட்டால், கையோடு கை. நான் நடைபாதைக் கல்லைப் பதித்து முடித்த பிறகு குழாய் வாங்கினேன், அதனால் மேட்டுப்பாத்திக்குக் குழாய் கொண்டுபோக ஐந்து கற்களைப் பெயர்த்தெடுக்க வேண்டியதாயிற்று. பாதை போடும்போதே குறுக்கே ஒரு 25 மி.மீ. பி.வி.சி. குழாயை ஒரு சாண் ஆழத்தில் புதைத்து, இரண்டு வாயையும் துணியால் அடைத்து வையுங்கள். இன்றைக்குத் தேவையில்லை என்றாலும் புதையுங்கள். நாளைக்குத் தண்ணீர்க் குழாயோ விளக்கு ஒயரோ அதற்குள் நுழையும். பெயர்த்ததே பெயர்த்தோம் என்று தரையின் வாட்டத்தையும் அப்போதே சரிசெய்தேன், வீட்டுச் சுவரிலிருந்து வெளிப்பக்கமாக மீட்டருக்கு 2 செ.மீ. இறக்கம். முன்பு சுவரோரம் தேங்கிய மழைத்தண்ணீர் இப்போது பாதை வழியாக வடிந்துவிடுகிறது. சுவரோரப் பாத்தியின் அகலத்தையும் 90-லிருந்து 60 செ.மீ. ஆகக் குறைத்தேன், ஏனென்றால் ஒரு பக்கம் மட்டும் நின்று கை எட்டுவது அவ்வளவுதான். அதற்கு மேல் என்றால் களை எடுக்கப் பாத்திக்குள் காலை வைப்போம், மண் இறுகிவிடும்.

இன்னொன்று, செடிகளைத் தண்ணீர்த் தேவையை வைத்துப் பிரித்து வையுங்கள். என் பழைய தோட்டத்தில் தக்காளிக்குப் பக்கத்தில் சோற்றுக்கற்றாழை, புதினாவுக்குப் பக்கத்தில் போகன்வில்லா என்று அழகைப் பார்த்து வைத்திருந்தேன். கையால் ஊற்றும்போது ஒன்றுக்கு அதிகம், ஒன்றுக்குக் குறைவு என்று சமாளிக்கலாம். ஒரே குழாயில் கோத்த பிறகு முடியாது, கற்றாழை அடியிலிருந்து கூழாகி அழுகியது. இப்போது பாத்திகள் ஒரு வரிசை, தொட்டிகள் இன்னொரு வரிசை, டைமரிலும் இரண்டு வாய். கற்றாழையும் போகன்வில்லாவும் குழாயே இல்லாத மூலைக்குப் போய்விட்டன. சொல்லப்போனால் அந்த மூலைதான் இப்போது பார்க்க அழகாக இருக்கிறது, கூழாங்கல் பரப்பி, நடுவில் ஒரு பெரிய தொட்டியோடு.

வெயில் காலத்தில் பாத்திக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள் 75 நிமிடம், அதாவது சொட்டுவானுக்கு 3 லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு. தொட்டிக்குத் தினமும் இரண்டு வேளை, பத்துப் பத்து நிமிடம். தரையில் இருக்கிற செடிக்கு ஆழமாக, இடைவெளி விட்டுக் கொடுத்தால் வேர் கீழே தேடிப் போகும். தொட்டியில் இருப்பதற்குப் போக இடமில்லை, அதனால் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கொடுக்க வேண்டும். அதிலும் தென்னை நார்க்கழிவு கலந்த தொட்டி ஒரு தடவை முழுசாகக் காய்ந்துவிட்டால் தண்ணீரை உள்ளே வாங்காது, ஓரமாக வழிந்து அடியில் ஓடிவிடும். சொட்டுநீர் வந்த பிறகு அந்தப் பாடு இல்லை. பாத்தியில் காய்ந்த இலையை 5 முதல் 7 செ.மீ. மூடாக்காகப் போட்டு, குழாயை அதற்கு அடியில் விட்டேன், தண்டை ஒட்டி மட்டும் நாலு விரல் இடம் விட்டு. உச்சி வெயிலில் பூசணி இலை தொங்கினால் பதறி டைமரைக் கூட்டாதீர்கள், அது சூட்டுக்குத் தொங்குவது, சாயங்காலம் நிமிர்ந்துவிடும். விடியற்காலையிலும் தொங்கிக் கிடந்தால்தான் உண்மையிலேயே தண்ணீர் போதவில்லை.

தக்காளியில்தான் பலனைக் கண்ணால் பார்த்தேன். போன தடவை பாதிக் காய்கள் வெடித்தன, சிலவற்றின் அடிப்பாகம் கறுத்துத் தோல் மாதிரி ஆயின. இரண்டுக்குமே ஒருநாள் காயவிட்டு மறுநாள் குளம் கட்டுவது முக்கியமான காரணம். தண்ணீர் ஒழுங்காக ஏறாவிட்டால் மண்ணில் சுண்ணாம்புச்சத்து இருந்தாலும் காய்க்குப் போய்ச் சேராது. இந்த வருஷம் வெடித்தவை விரல் விட்டு எண்ணுகிற அளவுதான். இலை நனையாததால் இலைப்புள்ளியும் குறைவு.

மழைக் காலத்தில் நிறுத்திவிட வேண்டியதுதானே என்று தோன்றும். பாத்திக்கு அது சரி. தொட்டிகள் கூரையின் மறைவில் இருந்தால் நான்கு நாள் மழையிலும் காய்ந்து கிடக்கும், எனக்கு இரண்டு ரோஜா அப்படித்தான் வாடின. டைமரில் 'மழை இடைநிறுத்தம்' என்ற பொத்தான் இருக்கிறது, அது இரண்டு வாயையும் சேர்த்தே நிறுத்துகிறது, அதனால் எனக்கு உதவாது. பாத்தி வாயை மட்டும் கையால் அணைத்து வைக்கிறேன். பனிக் காலத்தில் தண்ணீர்த் தேவை பாதிக்கும் கீழே போய்விடும். அந்த மாற்றத்தை நான் கவனிக்காமல் வெயில் கணக்கிலேயே மூன்று வாரம் ஓட்டியதில் பீன்ஸ் வேர் அழுகியது. டைமரையே பார்த்துப் பார்த்துப் பொத்தானை அழுத்துகிற என்னிடம் அம்மா, 'மொதல்ல மண்ணைத் தொட்டுப் பாரு, அப்புறம் மெஷினைத் தொடு' என்றார். விரலை 5 செ.மீ. விட்டுப் பார்த்து ஈரம் ஒட்டினால் அன்றைக்கு வேண்டாம். பதினைந்து நாளைக்கு ஒரு தடவை இப்படிப் பார்த்து நேரத்தை மாற்றுகிறேன், இதைச் செய்ய மனமில்லாதவர்கள் இந்த கிட்டை வாங்க வேண்டாம் என்றே சொல்வேன்.

பராமரிப்பு என்று பார்த்தால் ஃபில்டர்தான் உயிர். என்னுடையது 120 மெஷ் (அங்குலத்துக்கு 120 கண் உள்ள வலை), இரண்டு வாரத்துக்கு ஒரு முறை கழற்றிப் பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தால் போதும். எண்ட் கேப்பைத் திறந்து ஒரு நிமிடம் தண்ணீர் ஓடவிட்டால் முதலில் டீத்தண்ணீர் நிறத்தில் வரும், தெளிந்ததும் மூடலாம். உப்புத் தண்ணீர் என்றால் சொட்டுவானின் வாயில் வெள்ளையாகப் படியும், கழற்றி வினிகரில் ஒரு ராத்திரி ஊறவைத்தால் கரைந்துவிடுகிறது. மண்புழு உரக் கரைசலைத் துணியில் வடிகட்டித்தானே இருக்கிறது என்று குழாய் வழியாக விட்டேன், மூன்றே நாளில் 11 சொட்டுவான் அடைத்தது. கரைசலைப் பூவாளியில் ஊற்றுங்கள், குழாயில் வேண்டவே வேண்டாம். எலியும் அணிலும் சன்னக் குழாயைக் கடிப்பதைத் தடுக்க எனக்குத் தெரிந்த ஒரே வழி, குழாயை மூடாக்குக்கும் கீழே மண்ணுக்குள் லேசாக மூடி, சொட்டுவானை மட்டும் மேலே விடுவது. சொட்டுவானையே புதைத்துவிட்டால் மண் அடைத்துக்கொள்ளும்.

சின்ன மரக்கன்று வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நடும்போது தண்டுக்குப் பக்கத்தில் வைத்த சொட்டுவானை அங்கேயே விட்டுவிடாதீர்கள். கிளை விரிய விரிய அதன் நிழல் விழும் ஓரத்துக்கு நகர்த்திக்கொண்டே போக வேண்டும், தண்ணீர் உறிஞ்சும் வேர் அங்கேதான் இருக்கும். தண்டின் அடியில் எப்போதும் ஈரம் இருந்தால் பட்டை அழுகும். இதற்குச் சன்னக் குழாயைக் கொஞ்சம் சுருட்டி மிச்சம் விட்டு வைத்தால் பிறகு ஒட்டுப்போட வேண்டியதில்லை.

நான்கைந்து தொட்டி மட்டும் இருப்பவர்களுக்கு இது வேண்டாம், பூவாளியே போதும். பத்துக்கு மேல் தொட்டியும் ஒரு பாத்தியும் இருந்தால், அடிக்கடி வெளியூர் போகிறவராக இருந்தால், கட்டாயம் வாங்கலாம். டைமர் இல்லாத கிட் கிடைத்தால் அதை எடுத்துக்கொண்டு, பால் வால்வு டைமரைத் தனியாக வாங்குங்கள். மோட்டார் வைத்து நல்ல அழுத்தத்தில் தண்ணீர் வருகிற வீடாக இருந்தால் சோலனாய்டும் ஓடும்.

இப்போது பாத்திக்கு மூன்று நாளைக்கு ஒரு தடவை 50 நிமிடமும், தொட்டிக்குத் தினம் ஒரு வேளை 10 நிமிடமும் ஓடுகிறது. மிச்சமிருக்கிற ஆறு சொட்டுவானை, சுவரில் தொங்கவிட்டிருக்கும் தொட்டிகளுக்கு எடுக்கலாமா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். உயரத்தில் இருப்பதால் அங்கே அழுத்தம் இன்னும் குறையும், கிண்ணம் வைத்து அளந்துவிட்டுத்தான் துளை போடுவேன்.